அடுத்த சிப் எப்போ?

நம்ம லேப் அலமாரியில் ஒரு பழைய வூடூ கார்டு தூசி படிந்து கிடக்குமே, நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கா? அதைச் செய்த த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியின் கதை இது.

1994-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. 1996-ல் வந்த முதல் வூடூவுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு ரசிகர்களிடம் ஏக வரவேற்பு. 1997-ல் பங்கு விற்பனைக்கு வந்தது. பங்கு வாங்கியவர்களுக்கு ஒரே கவலை: அடுத்த சிப் எப்போ? போட்டியாளரான என்விடியா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒன்று இறக்கிக்கொண்டிருந்தது.

சிப்பில் ஒரு தப்பு இருந்தால், திருத்தி ஃபேக்டரியிலிருந்து திரும்ப வரவே வாரக்கணக்காகும். இன்ஜினியருக்கு அது தெரியும். பங்குதாரருக்குத் தெரிந்தது காலண்டர்தான். ஆனாலும் அவர் பயந்தது நியாயம்னுதான் எனக்குப் படுகிறது.

1998 கடைசியில், சிப்போடு நிற்காமல் கார்டையும் தாங்களே செய்து விற்க முடிவெடுத்து, எஸ்.டி.பி. கம்பெனியை வாங்குவதாக அறிவித்தார்கள். அதுவரை சிப் வாங்கிக்கொண்டிருந்த கார்டு கம்பெனிகள் என்விடியா பக்கம் சாய்ந்தன. 1999-ல் வந்த வூடூ 3, 16 பிட் வண்ணத்தோடு நின்றுவிட்டது. என்விடியாவோ முந்தின வருஷமே 32 பிட் கொடுத்தாச்சு. வூடூ 5 கடைக்கு வந்தது 2000 நடுவில். அதற்குள் ஜீஃபோர்ஸ் இரண்டாம் தலைமுறையே வந்துவிட்டது.

அந்த டிசம்பரிலேயே சொத்துகளை என்விடியாவுக்கே விற்க ஒப்புக்கொண்டார்கள். 2002-ல் திவால் மனு.