நான்கு வாட்டுக்குள் ஒரு வானொலி

சைக்கிள் டைனமோ விளக்கு எரிய ஏறத்தாழ மூன்று வாட் மின்திறன் போதும். அதைவிடச் சற்றே கூடுதலான திறனை வானொலி அலையாக மாற்றி ஏரியலில் செலுத்தினால், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு உரையாடலாம் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் லட்சக்கணக்கான சாதாரண மக்கள் அப்படித்தான் உரையாடினார்கள். அதற்குக் குடிமக்கள் வானொலி என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு சி.பி. என்பார்கள். சட்டம் அதற்கு விதித்த எல்லை நான்கு வாட். ஆனால் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு திருகைத் திருப்பி, அந்த எல்லையைத் தாண்ட முயன்றவர்கள் ஏராளம். அவர்களுக்கு என்ன கிடைத்தது?

1945-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் பொதுமக்களுக்கென்று சில அதிர்வெண்களை ஒதுக்க முடிவு செய்தது. அவை 460 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்டவை. அன்றைய வால்வுகளைக் கொண்டு அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மலிவான கருவி செய்வது கடினம். ஆகவே திட்டம் மக்களிடம் பரவவில்லை. 1958 செப்டம்பர் 11-ஆம் நாள் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதி, அதுவரை அதைப் பயன்படுத்திவந்த அமெச்சூர் வானொலியாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டுக் குடிமக்களுக்குத் தரப்பட்டது. மொத்தம் 23 சானல்கள்.

அப்போது விதித்த எல்லை ஐந்து வாட். அது ஏரியலுக்குப் போகும் திறன் அன்று. கடைசி வால்வுக்குள் செல்லும் திறன். ஏன் இப்படி என்று கேட்பீர்கள். உள்ளே செல்லும் திறனை எவரும் எளிதாக அளந்துவிடலாம். வால்வுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 250 வோல்ட், மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் என்றால், இரண்டையும் பெருக்கினால் ஐந்து வாட். அதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும், மிஞ்சியதுதான் ஏரியலுக்கு. பின்னாளில் வெளிவரும் திறனையே கணக்கில் கொண்டு நான்கு வாட் என்று வரையறுத்தார்கள்.

வீட்டு மேசையில் வைக்கும் அக்காலத்து நிலையப் பெட்டியில் வெளிக்குமிழ்கள் எவையும் திறனைக் கூட்டுபவை அல்ல. கம்பிச் சுருள்களுக்குள் நகரும் ஃபெரைட் துண்டுகளும் மாறு மின்தேக்கிகளும் உள்ளேதான் இருக்கும். உரிமம் பெற்ற வானொலித் தொழில்நுட்பர், அல்லது அவர் மேற்பார்வையில் ஒருவர், இவர்கள் மட்டுமே அவற்றைத் தொடலாம் என்பது சட்டம். இந்தச் சட்டத்தை மதித்தவர்கள் எத்தனை பேரோ!

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974 ஜனவரியில் நாடெங்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், என்ற வேக வரம்பு சட்டமாயிற்று. எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கும், எந்த வளைவில் போலீஸ் நிற்கிறது என்பதை லாரி ஓட்டுநர்கள் சி.பி. வழியே ஒருவருக்கொருவர் சொன்னார்கள். மற்றவர்களும் தொற்றிக்கொண்டார்கள். அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட 1976-இல் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு இதில் பேசினார். நெரிசல் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் சானல்கள் 40 ஆக்கப்பட்டன.

நெரிசலான சந்தையில் என்ன நடக்கும்? ஒருவர் குரலை உயர்த்தினால் அடுத்தவர் அதைவிட உரக்கக் கத்துவார். இங்கும் அதுவே நடந்தது. திருகுகள் திரும்பின. அதுவும் போதாதென்று 100 வாட், 400 வாட் பெருக்கிகளை வெளியே இணைத்தார்கள்.

சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருகைத் திருப்பி நான்கு வாட்டை எட்டாக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இருமடங்கு, கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் கேட்பவரின் அலைவாங்கியில் உள்ள 'எஸ்' மீட்டரில் முள் ஒரு பிரிவு ஏற வேண்டுமானால் திறன் நான்கு மடங்காக வேண்டும். ஆகவே எட்டு வாட்டுக்கு அந்த முள் அரைப் பிரிவுதான் நகரும். எதிர்முனையில் இருப்பவர் வேறுபாட்டை உணர்ந்தால் வியப்பே! 400 வாட்டுக்கும் மூன்று பிரிவுக்குச் சற்று மேல்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சி.பி.யில் பெரும்பாலும் வீச்சுப் பண்பேற்றம்தான். பேசாதபோது ஊர்தி அலை நான்கு வாட் என்றால், முழுப் பண்பேற்றத்தில் குரலின் உச்சங்களில் திறன் அதைப்போல் நான்கு மடங்கு, 16 வாட் வரை போகும். கடைசி டிரான்சிஸ்டர் அந்த உச்சத்துக்கு இடம் வைத்திருக்க வேண்டும். ஊர்தி அலையை எட்டு வாட்டாக்கினால் உச்சம் 32 வாட் ஆக வேண்டும். சிறிய டிரான்சிஸ்டர் எங்கே போகும்? உச்சங்கள் நசுங்கிவிடும். வாட் மீட்டரில் முள் பெருமையாக நிற்கும், குரலோ மங்கும். பணத்தைக் கொடுத்துத் தொண்டையைக் கட்டிக்கொண்டது போலத்தான் இது.

அதைச் சரிசெய்ய எண்ணிப் பண்பேற்ற வரம்புச் சுற்றையே வெட்டிவிட்டவர்களும் உண்டு. அப்போது அலை பக்கத்துச் சானல்களிலெல்லாம் சிதறும். இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண் அலைகளும் வலுக்கும். 27-இன் இருமடங்கு 54. அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரண்டாம் சானல் தொடங்குவது சரியாக 54 மெகாஹெர்ட்சில்! அடுத்த வீட்டுத் திரையில் கோடுகள் ஓடியதற்கும், சுற்றுச் சுவருக்கு மேல் சண்டை மூண்டதற்கும் காரணம் இதுவே. 1978-இல் இந்த அதிர்வெண்களில் வேலை செய்யும் பெருக்கிகளைச் செய்வதற்கும் விற்பதற்கும் ஆணையம் தடை போட்டது.

தொலைவைத் தீர்மானிப்பது அதிகமும் ஏரியலின் உயரம். பூமி உருண்டை, அடிவானத்துக்கு அப்பால் அலை விரைவாகத் தேய்ந்துவிடும். பத்து மீட்டர் உயர ஏரியலுக்கு வானொலி அடிவானம் சுமார் 13 கிலோமீட்டர். இரண்டரை மீட்டருக்கு ஆறரைதான். இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தவர்கள் பிரிட்டிஷார். 1981 நவம்பர் 2-இல் அங்கே சி.பி. அனுமதிக்கப்பட்டபோதும் எல்லை நான்கு வாட்டே. ஆனால் ஏரியல் ஏழு மீட்டருக்கு மேல் இருந்தால் திறனைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும்! அதற்கென்றே ஒரு பொத்தானைப் பெட்டியிலேயே வைத்தார்கள். அமெரிக்காவில் திறனைக் கூட்டும் திருகு உள்ளே ஒளிந்திருந்தது. பிரிட்டனில் திறனைக் குறைக்கும் பொத்தான் வெளியே இருந்தது. உயரத்தில் வென்றவன் திறனில் விட்டுக்கொடுக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாவும். அப்போது நான்கு வாட்டே கண்டத்தின் மறுகோடி வரை எட்டும். பக்கத்து ஊரோடு பேச வேண்டியவருக்குத் தொலைவில் உள்ள நூறு நிலையங்களின் ஊர்தி அலைகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் விசில்தான் கேட்கும். 250 கிலோமீட்டருக்கு மேல் பேசக்கூடாது என்று ஒரு விதியே இருந்தது. 2017-இல்தான் அதை நீக்கினார்கள்.

1983-இல் தனிநபர் உரிமம் தேவையில்லை என்றாயிற்று. 2021-இல் அதிர்வெண் பண்பேற்றமும் அனுமதிக்கப்பட்டது. இவ்வளவு மாறியும் நான்கு வாட் மாறவில்லை. பழைய நிலையப் பெட்டி ஒன்று இன்று தொழில்நுட்பரின் மேசைக்கு வந்தால், அவர் முதலில் ஏரியலைக் கழற்றிவிட்டு 50 ஓம் போலிச்சுமையை இணைக்கிறார். பிறகு வாட் மீட்டரைப் பார்த்தபடி திருகைத் திருப்புகிறார். பெரும்பாலும் கூட்டுவதற்காக அல்ல; முன்பு யாரோ கூட்டிவைத்ததைப் பழையபடி நான்குக்கு இறக்குவதற்காக.