துருப்பிடிக்காத படகு எப்படிக் கெடுகிறது?



இந்தக் கட்டுரையைத் தொடர்வதற்கு முன் ஒரு நிமிடம் உங்கள் பால்கனிப் பக்கம் போய்வாருங்கள். அங்கிருக்கும் அலுமினிய சன்னலின் சட்டத்தில் ஸ்குரூ முடுக்கிய இடங்களைக் கவனியுங்கள். சட்டம் நன்றாகவே இருக்கும். ஸ்குரூவைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்ததுபோல வெள்ளைப் பொடி பூத்திருக்கலாம். விரலால் தடவினால் அடியில் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே சொல்லி விற்றார்கள்? பிறகு இது என்ன?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவர்கள் சன்னல்காரர்கள் அல்ல. பழைய படகுகளைச் சரிசெய்பவர்கள். அமெரிக்காவில் 1950-களில் செய்த அலுமினிய மோட்டார் படகுகளை வாங்கி, வீட்டு கார் ஷெட்டிலேயே வைத்துப் பழுதுபார்த்து, மறுபடி ஏரியில் இறக்குவது பலருக்குப் பொழுதுபோக்கு. 60, 70 வயதான படகு வீட்டு மனிதர்கள் கையால் பிழைத்தெழ முடிகிறது என்றால் அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அந்தப் படகு கெட்டுப்போகும் விதத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

விறகுக் கொட்டகையில் வந்த உலோகம்

1884-இல் வாஷிங்டன் நகர நினைவுத்தூணின் உச்சியில் சுமார் 100 அவுன்ஸ் எடையில் ஒரு சிறு பிரமிடை வைத்தார்கள். அது அலுமினியம். அன்று அது வெள்ளியோடு ஒப்பிடத்தக்க விலையுள்ள, அரிதான உலோகம்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1886 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் ஊரில், சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற 22 வயது இளைஞர், வீட்டோடு இருந்த விறகுக் கொட்டகையில் மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். வேதியியல் படித்திருந்த அவருடைய அக்கா ஜூலியா உடனிருந்து உதவினார். அதே ஆண்டில் பிரான்சில் பால் ஹெரூல் என்பவரும் தனியாக இதே முறையைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் இன்றும் அலுமினியம் தயாராவது அடிப்படையில் அந்த முறையில்தான்.

விலை சரிந்தது, பயன் பெருகியது. சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். அதற்குள் மேலைநாட்டுப் படகு கட்டுபவர்களின் கண்ணும் இந்த உலோகத்தின்மீது விழுந்திருந்தது. எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், துருவும் பிடிக்காது. படகுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வென்ற படகு, கரைந்த படகு

1895-இல் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டிக்காக ரோட் ஐலண்ட் மாநிலத்து பிரிஸ்டல் நகரில் நத்தானியல் ஹெரஷாஃப் 'டிஃபெண்டர்' என்ற படகைக் கட்டினார். எடையைக் குறைக்க நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியத் தகடு. நீருக்குள் இருக்கும் பகுதிக்கு வழவழப்பான வெண்கலத் தகடு. உள்ளே எஃகுச் சட்டங்கள். மூன்று உலோகங்கள், ஒவ்வொன்றும் தன் வேலைக்குப் பொருத்தமானது. படகு போட்டியில் வென்றது. ஆனால் கடல் அந்தப் படகைத் தின்னத் தொடங்கியிருந்தது. 1901-இல், கட்டி ஆறே ஆண்டுகளில், அதை உடைத்துப் பழைய உலோகமாக்கிவிட்டார்கள்.

காரணம் எளிது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால், அது ஒரு பேட்டரி. அந்த பேட்டரியில் ஓர் உலோகம் தேய்ந்து மற்றதைக் காப்பாற்றும். வெண்கலத்தோடோ எஃகோடோ சேர்ந்தால் தேய்வது எப்போதும் அலுமினியம்தான். தனியாக இருக்கும்போது அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் தானாக உருவாகி அதைக் காக்கிறது. தவறான கூட்டாளி பக்கத்தில் வந்தால் அந்தக் காவல் போதாது. உங்கள் சன்னல் ஸ்குரூவைச் சுற்றிப் பூத்திருப்பது 'டிஃபெண்டர்' படகைத் தின்ற அதே நோய்தான். இங்கே வெண்கலத்துக்குப் பதில் இரும்பு, கடலுக்குப் பதில் கடற்காற்றும் மழையும்.

விமானத் தொழிற்சாலையிலிருந்து ஏரிக்கு

அடுத்த கட்டம் ஜெர்மனியில். 1906-இல் ஆல்ஃபிரட் வில்ம், கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிரவைத்தால் அது நாட்கள் செல்லச் செல்லத் தானே கடினமாவதைக் கண்டார். இந்த வகைக் கலவைதான் பின்னாளில் விமானங்களின் உடலானது. செம்பு வலிமை கொடுத்தது. ஆனால் உப்புத் தண்ணீருக்கு அந்தக் கலவை ஆகவில்லை. படகுக்கு ஏற்றவையாக நிலைபெற்றவை, செம்பைக் குறைத்து மக்னீசியத்தை முக்கியக் கூட்டாகச் சேர்த்த கலவைகள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் அலுமினிய உற்பத்தி பல மடங்கு உயர்ந்தது. நியூயார்க் அருகே பெத்பேஜில் இருந்த கிரம்மன் தொழிற்சாலை ஹெல்கேட் என்ற ஒரே வகைப் போர்விமானத்தை மட்டும் 12,000-க்கு மேல் செய்து தள்ளியது. தகடுகளை ரிவெட் அடித்து இணைக்கும் வேலையை நாடெங்கும் லட்சக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம்.

1944-இல் கிரம்மன் நிறுவனத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹாஃப்மன் விடுமுறைக்கு அடிராண்டாக் மலைப்பகுதி ஏரிகளுக்குப் போனார். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே தம் மரப் படகைத் தோளில் தூக்கி நடந்து களைத்தார். விமானத் தகட்டிலேயே படகு செய்தால் என்ன என்ற எண்ணம் அப்போது எழுந்தது. போர் முடியும் ஆண்டிலேயே கிரம்மன் அலுமினியத் துடுப்புப் படகுகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மினசோட்டா மாநிலத்தில் 1946-இல் அலுமாகிராஃப்ட், கிரெஸ்ட்லைனர் நிறுவனங்களும், 1948-இல் லண்ட் நிறுவனமும் தொடங்கின. இண்டியானாவில் பண்ணைகளுக்குத் தகரத் தொட்டி செய்துவந்த கம்பெனி ஸ்டார்கிராஃப்ட் என்ற பெயரில் படகு செய்தது. ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரும் அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தது. இலேசான படகு, மாட்டிக் கழற்றும் மோட்டார், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர். நடுத்தரக் குடும்பத்துக்கு ஏரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. 1950-களின் பிற்பகுதியில் இந்தப் படகுகளுக்கு அன்றைய கார்களைப் போலவே இரண்டு வண்ணப் பெயிண்டும், முன்கண்ணாடியும், பின்னால் துடுப்புபோல எழும் வால்களும் முளைத்தன.

பின்னர் ஃபைபர் கிளாஸ் வந்து சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மினசோட்டா போன்ற நன்னீர் ஏரி மாநிலங்களில் இந்தப் பழைய அலுமினியப் படகுகள் கொட்டகைகளிலும் தோட்டங்களிலும் கவிழ்ந்துகிடந்தே காலத்தைக் கடந்துவிட்டன. உப்பு இல்லாததால் தகடு பிழைத்தது. அவற்றில் ஒன்றைத்தான் இன்றைக்கு ஒருவர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

வீட்டில் நடக்கும் வைத்தியம்

நீங்களே அந்தப் படகை வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் உரிந்திருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது. முதலில் மனம் போவது பெயிண்ட் பக்கம். அனுபவசாலிகள் தடுப்பது அதைத்தான். பெயிண்ட் கடைசி வேலை.

முதல் வேலை பின்பலகையைப் பார்ப்பது. மோட்டாரைத் தாங்கும் அந்தப் பின்சுவர் வெளியே அலுமினியம். உள்ளே பலம் கொடுப்பது பிளைவுட். ஆணி ஓட்டைகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் பல ஆண்டுகளாக அந்த மரத்தை உளுக்கவைத்திருக்கும். வெளித்தகடு பளிச்சென்று இருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே மரம் ஈரக் கேக்போல உதிரும். கனமான மோட்டார் தொங்குவது இதில்தான். ஏரி நடுவில் இது பிளந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள். ஆகவே பழைய மரத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, மரைன் பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டி, எல்லா ஓரங்களுக்கும் ஓட்டைகளுக்கும் எபாக்சி பூசிப் பொருத்த வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. கடையில் 'உளுக்காத மரம்' என்று விற்கப்படும் பலகைகள் பலவற்றில் செம்புச் சேர்மம் ஏற்றியிருப்பார்கள். மரத்துக்கு நல்லது, பக்கத்துத் தகட்டுக்கு நஞ்சு. நல்லெண்ணத்தோடு விலை அதிகம் கொடுத்து அதை வாங்கிப் பொருத்தியவர் 'டிஃபெண்டர்' படகை மறுபடி கட்டுகிறார். செம்பு கலந்த அடிப்பூச்சுப் பெயிண்டும் அப்படியே. தகட்டைத் தேய்க்கச் சாதாரண இரும்பு பிரஷ்கூட ஆகாது. அதன் துகள்கள் தகட்டில் பதிந்து பின்னால் வேலையைக் காட்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம். ஆனால் சீலன்ட் தடவி, தகட்டோடு நேரடியாக உரசாமல் போட வேண்டும்.

அடுத்தது ரிவெட். படகைத் தண்ணீரில் விட்டு எங்கே ஒழுகுகிறது என்று தேடுவது சிரமம். அதற்குப் பதில் டிரெய்லரில் நன்றாக முட்டுக்கொடுத்து, படகுக்குள் சில அங்குலம் தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். நிரப்பக் கூடாது, ஒரு லிட்டர் ஒரு கிலோ, டிரெய்லர் தாங்காது. சொட்டும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவர் வெளியிலிருந்து ரிவெட்டின் தலையில் அடிக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து கனமான இரும்புக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடித்தால் ரிவெட் மறுபடி இறுகும். தனியாளாகச் செய்வது கடினம். விமானத் தொழிற்சாலையில் இரண்டு பேர் செய்த அதே வேலையைத்தான் இன்று கார் ஷெட்டில் கணவனும் மனைவியும், அப்பாவும் மகளும் செய்கிறார்கள். பெரிய அச்சு வேண்டாம், உலை வேண்டாம். அன்று ஒவ்வொரு ரிவெட்டாகக் கையால் கூட்டப்பட்டது என்பதால்தான் இன்றும் ஒவ்வொரு ரிவெட்டாகக் கையால் சரிசெய்ய முடிகிறது.

மூன்றாவது, சீட்டுக்கு அடியில் இருக்கும் மிதவை ஃபோம். சில வகை ஃபோம் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் பஞ்சுபோலத் தண்ணீர் குடித்திருக்கும். அது மிதக்கவைக்காது, மூழ்கத்தான் உதவும். அமெரிக்காவில் படகுப் பாதுகாப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு படகுகள், தண்ணீர் புகுந்தாலும் சமமாக மிதக்க வேண்டும் என்ற விதி 1978 ஜூலைக்குப் பின் செய்யப்பட்ட படகுகளுக்குத்தான். 1957 படகுக்கு அந்த விதி கிடையாது. ஃபோமை எடுத்துவிட்டு அங்கே ஐஸ்பெட்டி வைத்தால் எந்த ஆய்வாளரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த சீட்டில் உட்காரப்போவது உங்கள் குழந்தை. விதி கேட்காத இடத்தில் புது ஃபோம் வைப்பவரா என்பதுதான் இந்த வேலையில் ஒருவருடைய தரத்தைக் காட்டும்.

இவையெல்லாம் முடிந்த பிறகே பெயிண்ட். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துப் பொடியைப் பறக்கவிடக் கூடாது. காஸ்டிக் சோடா கலந்த கரைசலும் கூடாது. அது அலுமினியத்தையே கரைக்கும். (சன்னலையும்தான். பாத்ரூம் அடைப்பு நீக்கும் பொடியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.) சுத்தம் செய்த கையோடு அலுமினியத்துக்கான பிரைமரை அடித்துவிட வேண்டும். தாமதித்தால் ஆக்சைடும் அழுக்கும் மறுபடி படிந்து பெயிண்ட் பிடிக்காது.

நமக்கு என்ன?

நம் குடியிருப்பில் படகு கிடையாது. ஆனால் இந்தக் கதையில் வரும் வேலை வரிசை நமக்குப் பழக்கமானது. நம்மைப் போன்ற குடியிருப்புகளில் 'பெயிண்ட் எப்போது?' என்ற கேள்வி எழும் வேகத்தில் 'மொட்டைமாடி நீர்க்கசிவு எங்கே?' என்ற கேள்வி எழுவதில்லை. பெயிண்ட் கண்ணுக்குத் தெரிகிறது. உளுத்த பலகை தெரிவதில்லை. பழைய படகுகளில் விலையுயர்ந்த உலோகம் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. கெட்டது, உள்ளே மறைந்திருந்த மலிவான மரமும் அதன் ஓட்டைகளில் பூச மறந்த ஒரு விரல் சீலன்ட்டும்தான்.

ஆகவே இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு சிறு வேலை. சன்னலிலும் பால்கனி கைப்பிடியிலும் துருப்பிடித்த இரும்பு ஸ்குரூக்கள் இருந்தால், நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவாக, நைலான் வாஷரோடு மாற்றிவிடுங்கள். வெள்ளைப் பொடியைத் துடைத்துச் சுத்தம் செய்து சீலன்ட் வையுங்கள். கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஆடினால் அன்றே சொல்லுங்கள். அதில் சாய்ந்து நிற்பவர்கள் நம் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.