முகமில்லாத் தெய்வங்களை வரைந்தவர்: ஜங்கர் சிங் ஷியாமும் பர்தான் பாணர் மரபும்

கைவினைக் கண்காட்சிகளில் 'கோண்டு ஓவியம்' என்ற பெயரில் விற்கப்படுவது எப்போதும் ஒரே அறிமுகத்தோடுதான் வருகிறது: பழங்குடி மரபு, பல நூற்றாண்டுத் தொடர்ச்சி, இயற்கையோடு இயைந்த வாழ்வு. பீம்பேட்காவின் பாறை ஓவியங்களிலிருந்து இதற்கு நேர்க்கோடு இழுப்பவர்களும் உண்டு. அந்தக் கோட்டுக்குச் சான்று கிடையாது. 1940களில் மத்திய இந்தியாவின் பாட்டன்கர் கிராமத்தில் வாழ்ந்த வெரியர் எல்வின், அப்பகுதிப் பழங்குடிகளின் கலையைப் பற்றி 1951இல் விரிவான நூலொன்று வெளியிட்டார். சுவர் அலங்காரம், மரச் செதுக்கல், முகமூடி, சீப்பு என்று எத்தனையோ அதில் உண்டு. தாளில் வண்ணம் தீட்டித் தெய்வத்துக்கு உருவம் கொடுக்கும் கலை அதில் இல்லை, இருக்கவும் வழியில்லை. அந்தக் கலையைத் தொடங்கியவர் அதே பாட்டன்கரில் 1960களின் தொடக்கத்தில்தான் பிறந்தார்.

ஜங்கர் சிங் ஷியாம், கோண்டு மக்களின் பாணர் குலமான பர்தான் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய ஓவியத்தை மரபுக் கலை என்று பொதுமைப்படுத்துவதும், ஒற்றை மேதையின் கற்பனை என்று தனிமைப்படுத்துவதும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. இரண்டு பார்வையுமே பாட்டை மறந்துவிடுகின்றன. இவ்வோவியங்களில் வெளிப்படும் தரிசனத்துக்கு மூலம் செவி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பர்தான்களின் தொழிலிலிருந்து தொடங்குவோம். கோண்டுகளின் பெருந்தெய்வமான படாதேவ் சாஜா மரத்தில் உறைபவர். நம் காடுகளில் கருமருது என்று வழங்கும் மரம்தான் அது. படாதேவுக்குச் சிலை இல்லை. பிற தெய்வங்களுக்கும் கல், மேடை, கொடி, இரும்புக் கம்பி என்று இருப்பிட அடையாளங்களே இருந்தன. வேம்படியில் நட்ட கல்லையும் சூலத்தையும் கும்பிட்டுப் பழகிய நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. உருவம் இல்லாத அந்தத் தெய்வத்தை வரவழைக்கும் வழி பாட்டு. ஏழு சகோதரர்களைப் பற்றிய தொன்மக் கதை இதைத்தான் சொல்கிறது. கோபித்து மறைந்த தெய்வத்தைக் கடைக்குட்டித் தம்பி சாஜா மரத்தடியில் பானா என்ற, வில்லால் இழைத்து இசைக்கும் மூன்று நரம்புக் கருவியை வாசித்து மனமிரங்க வைத்தான். அவன் வழிவந்தவர்கள் பர்தான்கள். தம் புரவலர்களான கோண்டுக் குடும்பங்களின் வீடுகளுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை சென்று, குலவரலாற்றையும் தெய்வக் கதைகளையும் பாடித் தானியமும் துணியும் கால்நடையும் பரிசாகப் பெற்றுத் திரும்புவது அவர்கள் வாழ்க்கை முறையாக இருந்தது. புரவலர்கள் நிலமிழந்து வறுமைப்பட்டபோது பாணர்களும் கூலி வேலைக்குப் போனார்கள். ஜங்கரின் இளமைக் காலம் அப்படிப்பட்டது.

1981இல் போபாலில் பாரத் பவன் என்ற கலை வளாகம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் ரூபங்கர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஜகதீஷ் சுவாமிநாதன், சிம்லாவில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த ஓவியர். 1963இல் கண்காட்சி நடத்திய 'குழு 1890'இன் முன்னணிச் சிந்தனையாளர். அவர் அனுப்பிய சேகரிப்புக் குழுவினரின் கண்ணில் பாட்டன்கரில் ஒரு வீட்டுச் சுவர் ஓவியம் பட்டது. வரைந்த இளைஞரைப் போபாலுக்கு அழைத்துவந்தார்கள். தாள், சுவரொட்டி வண்ணம், பிறகு அச்சுப் பட்டறை, திரை அச்சு எல்லாம் அவருக்கு அங்கே வாய்த்தன. எட்டே ஆண்டுகளில், 1989இல், பாரிசில் நடந்த 'பூமியின் மாயாவிகள்' கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. சார்லஸ் கொரேயா வடிவமைத்த மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களிலும் அவர் வரைந்தார்.

இந்த வரலாற்றைக் கேட்டவுடன் எழும் ஐயம் நியாயமானது. நகரத்து நிறுவனம் தாளும் வண்ணமும் இடமும் கொடுத்து வரவழைத்த கலையைத் தெய்வ அனுபவத்தின் வெளிப்பாடு என்று எப்படிச் சொல்வது? என் பார்வையில் இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு பிழையான எதிர்பார்ப்பு இருக்கிறது: அருள் அனுபவம் தனிமையில், கேட்பாரின்றி, தானாகப் பொங்க வேண்டும் என்பது. பாணர் உலகில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அங்கே தெய்வம் வருவதற்கே புரவலர் அழைக்க வேண்டும், விருந்து வேண்டும், பரிசில் வேண்டும். தரிசனம் தொழிலோடும் கூலியோடும் பிணைந்தது. பாரத் பவன் ஜங்கருக்கு அமைந்த புதுப் புரவலர் வீடு. ஆனால் பழைய புரவலருக்குப் பாணன் பாடிய தெய்வம் தன் தெய்வமும்கூட. புதிய புரவலருக்கு அது கலை. அந்த வித்தியாசம் சிறியதன்று, பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் அங்கேதான்.

இனி ஓவியத்துக்குள் வருவோம். பாட்டன்கர் வீடுகளில் பெண்கள் வெள்ளை மண்ணும் செங்காவியும் மஞ்சள் மண்ணும் கொண்டு தரையிலும் சுவரிலும் இடும் திக்னா வடிவங்களும், மண்ணால் எழுப்பும் புடைப்புகளும் ஜங்கர் கண்டு வளர்ந்தவை. அவர் கோட்டுத் துணிவில் அவற்றின் தடம் தெரிகிறது. ஆனால் படாதேவும் தாக்கூர்தேவும் கல்சாஹின் தேவியும் திக்னாவில் கிடையாது. அவர்களைப் பற்றி அவரிடம் இருந்தவை பாட்டும் கதையுமே. அவற்றிலிருந்து உருவம் பிறந்தது. அந்த உருவங்களை உற்றுப் பார்த்தால், முகபாவமோ ஆயுதமோ வாகனமோ அவற்றின் அடையாளமாக முதன்மை பெறுவதில்லை. உடலை நிரப்பும் புள்ளி வரிசைகள், ஓரங்களில் சீப்புப் பல்போல் நெருங்கி எழும் நுண்கோடுகள், உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை, இவைதான் தெய்வம். மேனியில் அருள் ஏறிய ஒருவரின் நடுக்கத்தை நான் இக்கோடுகளில் பார்க்கிறேன். கொம்பு கிளையாகி, கிளை கொடியாகி ஓடும் பாரசிங்கா மானிலும் அதே விசை. ஒன்று மற்றொன்றாக மாறுவது கதைப்பாட்டில் இயல்பு. அசையாத தாளில் அதை நிகழ்த்தியது ஜங்கரின் சாதனை.

பானாவின் இசை ஓவியமாக இடம்பெயர்ந்தது என்ற கருத்தை இந்தி எழுத்தாளர் உதயன் வாஜ்பேயி முன்வைத்திருக்கிறார். பாதியளவே எனக்கு உடன்பாடு. ஸ்வரத்துக்குப் புள்ளி, தாளத்துக்குக் கோடு என்று பொருத்திக்கொண்டே போனால் அழகான உவமையோடு நின்றுவிடுவோம். இசையின் ஒலியைவிட அதன் பணிதான் இடம்பெயர்ந்தது என்று கொள்வதே பொருந்தும். பானா செய்த வேலை அழைப்பது. தெய்வத்தை ஒரு வீட்டுக்குள் வரவழைத்து இருத்தும் அந்த வேலையைத் தூரிகை ஏற்றுக்கொண்டது. தெய்வத்துக்கு உருவம் தரும் உரிமை தமக்கு உண்டு என்று பர்தான்கள் எப்படித் துணிந்தார்கள் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கும் உரிமை முன்னரே அவர்களிடம் இருந்தது.

சுவாமிநாதனின் நிலைப்பாட்டையும் இங்கே உரசிப் பார்க்க வேண்டும். பழங்குடிக் கலைஞர் நம் சமகாலத்தவர். மானுடவியல் கண்ணாடி வழியே அவரைப் பார்க்காதீர்கள் என்றார் அவர். நகர ஓவியத்தையும் பழங்குடிக் கலையையும் ஒரே வளாகத்தில் இணையாக வைத்தார். அந்தத் துணிவுக்கு இந்தியக் கலையுலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் படிமம் தானே பேசும், விளக்கம் தேவையில்லை என்ற அவரது நவீனத்துவ நம்பிக்கை, படிமத்தோடு வந்த பாட்டைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஜோதீந்திர ஜெயின் 1998இல் ஐந்து நாட்டார், பழங்குடிக் கலைஞர்களைத் தனி ஆளுமைகளாக முன்னிறுத்திய 'பிற ஆசான்கள்' முயற்சியில் ஜங்கரையும் சேர்த்தார். பெயரற்ற மரபு என்ற பொய்யை உடைத்தது அது. தனி ஆளுமை, மரபு என்ற இருமைக்கு அப்பால் பாட்டு என்ற மூன்றாவதை அதுவும் மையமாக்கவில்லை.

2001இல் ஜப்பானின் நீகாதா பகுதியிலுள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது ஜங்கர் தற்கொலை செய்துகொண்டார். நாற்பது வயதை ஒட்டிய பருவம். அவர் போபாலுக்கு அழைத்துவந்து பழக்கிய உறவினர்கள் 'ஜங்கர் கலம்' என்ற பாணியைத் தொடர்ந்தார்கள். ஒவ்வொருவரும் உருவங்களை நிரப்பத் தமக்கென ஒரு தனி வடிவத்தை வைத்துக்கொண்டார்கள். அதுவே அவர்கள் கையொப்பம். பஜ்ஜு ஷியாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி மூவரும் வரைந்து 2006இல் சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்ட 'மரங்களின் இரவு வாழ்க்கை' இவ்வகையில் நல்ல சான்று. கையால் செய்த கறுப்புத் தாளில் திரை அச்சாக வந்த அந்நூலில் ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே அதன் கதை இருக்கிறது. மரம் யாருடைய இருப்பிடம் என்பது தெரிந்தே பார்க்கிறோம். அதே மரம் தேநீர்க் கோப்பையிலும் தலையணை உறையிலும் ஏறும்போது நிரப்பு வடிவம் மட்டும் மிஞ்சுகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வரைபவரை இதற்காகக் குறைசொல்ல மாட்டேன்; கதையைக் கேட்காமல் வாங்கிச் செல்பவரைச் சொல்வேன்.

2023இல், பாட்டன்கர் அமைந்த திண்டோரி மாவட்டத்தின் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. போலிகளிடமிருந்து அது ஓரளவு காக்கும். எனினும் போபாலின் அச்சுப் பட்டறையிலும் அருங்காட்சியகத்திலும் உருப்பெற்ற கலையை ஒரு மாவட்டத்தின் மண்ணோடு மட்டும் கட்டிவைக்கிறது. மண்ணுக்குக் குறியீடு உண்டு, பாட்டுக்கு இல்லை. அருங்காட்சியகங்கள் 'கோண்டு, மரபு' என்று எழுதி நிறுத்தாமல், வரைந்தவர் பெயரையும் ஆண்டையும், அது எந்தத் தெய்வம், எந்தக் கதைப்பாட்டு என்பதையும் சீட்டில் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஓவியரோடு பாணரையும் அமர்த்தி ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பானா வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்; இந்த வேலையைத் தள்ளிப்போட இனி நேரமில்லை.