கரடிக்கு ஒரு மஃப்ளர்

வீட்டில் ஒரு கரடிப் பொம்மை இருக்கிறது. பிள்ளை அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும். காது பிய்ந்து தைத்தாகிவிட்டது. ஒரு கண்ணுக்குச் சட்டைப் பட்டன். இருந்தாலும் அதுதான் வீட்டின் மூத்த பிள்ளை. அதற்கு டிவியில் வருகிற விண்வெளி நாயகனின் வேஷம் போட்டுப் பார்க்க ஆசை. கம்பளி நூல் வாங்கி, ஊசி எடுத்து, ராத்திரி உட்கார்ந்து அம்மா பின்னிவிடுகிறாள். சரி, அந்த வேஷம் யாருக்குச் சொந்தம்?

இதென்ன கேள்வி என்கிறீர்களா? இதே கேள்விக்காகப் பெரிய கம்பெனிகள் கடிதம் அனுப்பியிருக்கின்றன. அதற்கு முன்னால் கரடியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1902 நவம்பர். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி காட்டுக்கு வேட்டைக்குப் போனார். செல்லப் பெயர் டெடி. அதிபருக்குக் கரடி கிடைக்கவில்லை. வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து பெரிய வேட்டைக்காரராக ஆனவர். அவர் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, 'சுடுங்கள்' என்றார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடுவது வீரமில்லை என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். (அடிபட்டிருந்த அந்தக் கரடியை அப்புறம் கத்தியால் முடித்துவிட்டார்கள். பொம்மைக் கடையில் இந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார்கள்.)

நவம்பர் 16ம் தேதி வாஷிங்டன் போஸ்ட்டில் கிளிஃபோர்ட் பெர்ரிமன் இதைக் கார்ட்டூனாகப் போட்டார். ஊரே பேசியது. நியூயார்க் ப்ரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிச்டம் அதைப் பார்த்தார். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதர். அவரும் மனைவி ரோஸும் சேர்ந்து துணியில் ஒரு கரடி செய்து கடை ஜன்னலில் வைத்தார்கள். பெயர், 'டெடியின் கரடி'. பிய்த்துக்கொண்டு போனது. பின்னாளில் அந்தக் குடும்பம் ஐடியல் என்று ஒரு பொம்மைக் கம்பெனியே நடத்தியது.

அதே சமயத்தில் ஜெர்மனியில், கீங்கன் என்ற ஊரில் இன்னொரு கரடி தயாராகிக்கொண்டிருந்தது. போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மார்கரெட் ஸ்டைஃப் அங்கே பொம்மைத் தொழில் நடத்தி வந்தார். அவருடைய மருமான் ரிச்சர்ட், மிருகக்காட்சிசாலையில் உட்கார்ந்து கரடிகளை வரைந்து வந்தவர். கை கால் அசைகிற ஒரு கரடியை உருவாக்கினார். 1903ல் லைப்சிக் கண்காட்சியில் ஓர் அமெரிக்க வியாபாரி ஒரே ஆர்டரில் 3,000 கேட்டார். 1907ல் ஸ்டைஃப் தயாரித்த கரடிகள் 9,74,000.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மிச்டம் தம்பதி செய்தது என்ன? பத்திரிகையில் வந்த ஒரு படம் பிடித்துப்போய், அதைத் துணியில் தைத்தார்கள். இன்றைய பாஷையில் ரசிகர் கைவேலை. பெர்ரிமன் தன் பாட்டுக்குக் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தார், அந்தக் குட்டிக் கரடியையும் அடிக்கடி அதில் ஓரமாக உட்காரவைத்தார். ஆக, டெடி பேர் பிறந்ததே அடுத்தவர் கற்பனையை ஊசியும் நூலும் கொண்டு தொட்டுப் பார்த்ததால்தான்.

இப்போது வேஷத்துக்கு வருவோம்.

பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானக் கதைத் தொடரை பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் ஆசாமிதான் நாயகன். நடிகர் மாறினால் முகமும் மாறும், சட்டை துணியும் மாறும். 1974ல் நாலாவது ஆளாக டாம் பேக்கர் வந்தார். உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன். பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர். ஹீரோவுக்கு ஒரு மஃப்ளர் வேண்டும் என்று பலப்பல நிறங்களில் கம்பளி நூல் வாங்கி, பெகோனியா போப் என்ற பின்னல்காரப் பெண்மணியிடம் கொடுத்தார். வேண்டியதை எடுத்துக்கொள்வார் என்று அவர் நினைத்தார். அந்த அம்மாவோ கொடுத்த நூல் மொத்தத்தையும் பின்னிவிட்டார்! ஏறக்குறைய 20 அடி. நம்மூரில் மார்கழி மாதம் வாக்கிங் போகிற பெரியவர்கள் எத்தனை பேருக்குக் கட்டலாம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கருக்கு அது பிடித்துப்போனது. கொஞ்சம் வெட்டிச் சிறிதாக்கினார்கள் என்றாலும், தரையில் புரளும் அந்த மஃப்ளர்தான் டாக்டரின் அடையாளமாக ஆனது. ஊர் உலகத்தில் பின்னத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஊசியை எடுத்தார்கள். காரணம், அது ரொம்ப சுலபம். போகும்போதும் திரும்பும்போதும் ஒரே பின்னல். நிறம் மாற்றத் தெரிந்தால் போதும். பொறுமைதான் முதலீடு. பேக்கரின் உயரம் ஆறடி மூன்று அங்குலம். அந்த விகிதப்படி ஓர் அடிக் கரடிக்கு மூன்றேகால் அடி நீளம் போதும். இரண்டு ராத்திரி வேலை. எண்பதுகளில் கேட்டு எழுதிய ரசிகர்களுக்கு மஃப்ளர் பின்னும் குறிப்பை பிபிசியே தபாலில் அனுப்பியது.

அதே பிபிசி 2008ல் வேறு முகம் காட்டியது. அந்த வருஷம் ஏப்ரலில் வந்த ஒரு கதையில் அடிபோஸ் என்று ஒரு ஜந்து. மனிதக் கொழுப்பிலிருந்து பிறப்பது. கொழுக்கட்டைக்குக் கை கால் முளைத்த மாதிரி இருக்கும். ஒரு ரசிகை அதைப் பின்னும் முறையை எழுதி இலவசமாக வெளியிட்டார். யாரோ அதைப் பார்த்துப் பொம்மை செய்து, ஈபேயில் விற்றுவிட்டார்கள். பிபிசியின் வியாபாரப் பிரிவிலிருந்து ரசிகைக்குத்தான் கடிதம் வந்தது. குறிப்பை எடுத்துவிடுங்கள். அவரும் எடுத்துவிட்டார். ஓப்பன் ரைட்ஸ் குரூப் போன்ற அமைப்புகள் குரல் கொடுத்தன, பத்திரிகைகள் எழுதின. விற்றவர் ஒருவர், கடிதம் வாங்கியவர் இன்னொருவர்.

அடுத்தது அமெரிக்கா. 2002ல் ஃபாக்ஸ் டிவியில் 'ஃபயர்ஃபிளை' என்று ஒரு விண்வெளித் தொடர். மொத்தம் 14 பகுதி எடுத்தார்கள். 11 ஒளிபரப்பானதும் இழுத்து மூடிவிட்டார்கள். வெளிவராத பகுதி ஒன்றில், ஜேன் என்ற முரடனுக்கு அவன் அம்மா ஒரு குல்லா பின்னி அனுப்புகிறாள். ஆரஞ்சும் மஞ்சளுமாக, காது மூடி, உச்சியில் குஞ்சம். பார்க்கக் கண்ராவிதான். அவனோ சந்தோஷமாகப் போட்டுக்கொள்கிறான். பிற்பாடு டிவிடியில் பார்த்த ரசிகர்கள் உருகிவிட்டார்கள். ஆளாளுக்குக் குல்லா பின்னினார்கள், பொம்மைக்கும் போட்டார்கள். எட்ஸி என்ற கைவினைச் சந்தையில் விற்கவும் செய்தார்கள்.

பத்து வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஃபாக்ஸ் குல்லா தயாரிக்கும் உரிமையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. 2013ல் கையால் பின்னி விற்றவர்களுக்கு நோட்டீஸ் போனது. ரசிகர்கள் கொதித்தார்கள். அதிகாரபூர்வக் குல்லாவை விற்ற திங்க்கீக் என்ற கடை, அதில் வரும் லாபத்தை ரசிகர்கள் நடத்தும் தர்ம காரியத்துக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்து, சூட்டைத் தணித்தது.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கியவன் 'எனக்கு என்ன பாதுகாப்பு?' என்று கேட்பான். காப்பிரைட் இல்லையென்றால் எழுதுகிறவனும் எடுக்கிறவனும் பட்டினிதான். ஆனால், கணக்குப் புத்தகத்தில் குட்வில் என்று ஒரு வரி உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. மூடப்பட்ட ஒரு தொடரின் பெயரை அந்தப் பத்து வருஷத்தில் மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டதில் குல்லா பின்னியவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபாக்ஸ் விற்ற சரக்கில் பாதி, அவர்கள் நெய்து கொடுத்த குட்வில். அதற்கு யாரும் அவர்களுக்கு ராயல்டி தரவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

விற்பவனை நிறுத்துவது ஒன்று. பின்னச் சொல்லிக்கொடுப்பவரை நிறுத்துவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத ஒரு வக்கீல் 1902ல் ப்ரூக்ளின் மிட்டாய்க் கடைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மஃப்ளர் மட்டும் அல்ல, அதைச் சுற்றிவிடக் கரடியே இருந்திருக்காது.