இதயம் வந்து சேர்ந்த பிறகு



'சென்னையில் ஒரு நாள்' பார்த்திருப்பீங்க. 2013ல் வந்த படம். ஓர் இதயத்தைப் பெட்டியில் வைத்து, சென்னையிலிருந்து வேலூருக்கு சாலை வழியே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு சிக்னலிலும் நமக்குப் படபடப்பு. வண்டி போய்ச் சேர்ந்ததும் நாமும் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து போயிடுவோம். ஆனா அந்த இதயத்தை வாங்கிக்கொண்டவரோட கதை அங்கதான் ஆரம்பிக்குது.

எனக்கு இது உறைத்தது ஒரு மெட்ரோ ஸ்டேஷனில். எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், மாற்று இதயத்தோடு வாழ்பவள். பேரைச் சொல்லாதேன்னு கறாரா சொல்லியிருக்கா. அன்னிக்கு எஸ்கலேட்டர் ஓடல. நான் விறுவிறுன்னு பாதிப் படி ஏறிட்டுத் திரும்பிப் பார்த்தா, அவள் கீழேயே நின்று காலை மெல்ல அசைத்துக்கொண்டிருக்கிறாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இரு, இதுக்கு இன்னும் தகவல் போகல" என்றாள்.

ஜோக்குன்னு நினைச்சேன். இல்லை. பழைய இதயத்தை எடுக்கும்போது அதற்குப் போகும் நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. நீங்களும் நானும் படியில் கால் வைத்ததுமே மூளை அந்த நரம்பு வழியாக இதயத்தை முடுக்கிவிடும். அவளுக்கு அந்த லைன் இல்லை. ரத்தத்தில் அட்ரினலின் கலந்து, அது இதயத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் கூடும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதனால படி ஏறுவதற்கு முன்னாடி ஒரு சின்ன தயாரிப்பு.

அன்றைக்குத்தான் இதய மாற்று சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆபரேஷனோட வரலாறு இல்ல, அதுக்கு அப்புறம் வாழ்றதோட வரலாறு.

முதல் பெயர் எல்லாருக்கும் தெரியும். 1967 டிசம்பர் 3, தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன், குரூட் ஸ்கூர் மருத்துவமனை, டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட். இதயம் யாருடையது? டெனிஸ் டார்வால் என்ற 25 வயதுப் பெண்ணுடையது. கேக் வாங்கப் போனவர், அம்மாவோடு சாலையைக் கடக்கும்போது கார் மோதியது. ஒரே நாளில் மனைவியையும் இழந்து, மகளைக் காப்பாற்ற முடியாது என்ற செய்தியையும் கேட்ட அப்பா, சில நிமிடங்கள் யோசித்துவிட்டு சம்மதம் சொன்னார்.

அந்த இதயம் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்பவரின் நெஞ்சில் துடித்தது. 18 நாள். அவர் இறந்தபோதும் இதயம் நன்றாகத்தான் இருந்தது. கொன்றது நிமோனியா. புது இதயத்தை 'அந்நியன்' என்று நினைத்து உடம்பு தாக்கக் கூடாது என்பதற்காக எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருந்தார்கள். காவலாளியைக் கட்டிப்போட்ட வீட்டுக்குள் திருடன் நுழைந்த கதை.

சிக்கல் முழுக்க இதுதாங்க. காவலாளியை விட்டுவிட்டால் புது இதயத்தை அடிப்பான். கட்டிப்போட்டால் கிருமி வரும்.

1968ல் உலகம் முழுக்க நூறு பேருக்குப் பக்கம் இதய மாற்று நடந்தது. பெரும்பாலானோர் ஒரு வருடம்கூடத் தாண்டவில்லை. 1970களின் தொடக்கத்தில் பெரும்பாலான மருத்துவமனைகள் இதையே நிறுத்திவிட்டன. விடாமல் தொடர்ந்த சிலரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் இருந்த நார்மன் ஷம்வே முக்கியமானவர். அவருடைய குழுவில் இருந்த பிலிப் கேவ்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்து ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கருவியை இதயத்துக்குள் அனுப்பி, துளியூண்டு சதையைக் கிள்ளி எடுத்து, உடம்பு தாக்க ஆரம்பித்துவிட்டதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இதயம் பலவீனமாகும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த பயாப்சி இன்னமும் நடக்குது. என் தோழி முதல் வருடத்தில் எத்தனை முறை போனாள்னு அவளுக்கே கணக்கு மறந்துபோச்சு.

அடுத்தது, ஒரு பிடி மண். 1969ல் சாண்டோஸ் என்ற சுவிஸ் மருந்து கம்பெனியின் ஊழியர் ஒருவர், நார்வேக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்திலிருந்து மண் எடுத்து வந்தார். அதிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்ததுதான் சைக்ளோஸ்போரின். அது எதிர்ப்பு சக்தியைக் குறிபார்த்து அடக்குகிறது என்பது 1972ல் தெரிந்தது. அமெரிக்காவில் 1983ல் அனுமதி கிடைத்தது. நின்றுபோன இதய மாற்று மறுபடி உயிர்பெற்றது இந்த மருந்தால்தான்.

சரி, அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? இங்கதான் ஹன்னா கிளார்க் வர்றாங்க.

வேல்ஸில் பிறந்த ஹன்னாவுக்குக் கைக்குழந்தையிலேயே இதயத் தசை நோய். 1995ல், இரண்டு வயதில், லண்டன் பக்கத்தில் ஹேர்ஃபீல்ட் மருத்துவமனையில் டாக்டர் மக்டி யாகூப் அறுவை சிகிச்சை செய்தார். எகிப்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே இதய வால்வு நோயால் இறந்துபோன தன் அத்தையால்தான் இந்தத் துறைக்கு வந்ததாகச் சொன்னவர். அவர் ஹன்னாவின் இதயத்தை எடுக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் இதயத்தைப் பக்கத்திலேயே வைத்து இணைத்தார். ஒரு நெஞ்சில் இரண்டு இதயம். பாரத்தைப் புது இதயம் சுமக்க, பழையது ஓய்வெடுத்தது. சில வருடங்களில் இரண்டுமே நன்றாக வேலை செய்தன.

ஆனால் காவலாளி கட்டப்பட்டே இருந்தான். நம்மில் பெரும்பாலானவர்கள் உடம்பில் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் சத்தமில்லாமல் இருக்கும். எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். ஹன்னாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் அது புற்றுநோயாக மாறியது. கீமோதெரபி கொடுத்தார்கள், குறைந்தது, திரும்ப வந்தது. புற்றுநோயைச் சமாளிக்க மருந்தின் அளவைக் குறைத்தார்கள். குறைத்ததும் உடம்பு புது இதயத்தைத் தாக்கத் தொடங்கியது. எந்த மருந்து அவளை வாழவைத்ததோ அதுவே அவளைக் கொல்லப் பார்த்தது. குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து.

2006 பிப்ரவரியில், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், அதுவரை யாரும் எடுக்காத ஒரு முடிவை எடுத்தார்கள். வந்த இதயத்தை வெளியே எடுத்துவிட்டு, பிறந்தபோது இருந்த இதயத்தை நம்புவது. ஓய்வுபெற்றிருந்த யாகூபும் ஆலோசனைக்கு வந்தார். அது தாங்கியது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை நிறுத்தினார்கள். புற்றுநோயும் விலகியது. 2009ல் 'தி லான்செட்' இதழில் இது வெளியானபோது ஹன்னாவுக்கு 16 வயது. சொந்த இதயத்தோடு நலமாக இருந்தார்.

நான் இதை என் தோழிகிட்ட சொன்னேன், சந்தோஷப்படுவாள்னு நினைச்சு. அவள் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எனக்குத் திரும்பிப் போக ஒண்ணு இல்லையே" என்றாள்.

உண்மைதான். இதய மாற்றில் பெரும்பாலும் பழைய இதயத்தை எடுத்துவிடுவார்கள். ஹன்னாவுடையது அபூர்வமான விதிவிலக்கு, எல்லாருக்குமான வழி இல்லை. அந்தக் கதையை அவள்கிட்ட ஒரு நல்ல செய்தி மாதிரி கொண்டுபோய் நீட்டியது என் தப்பு.

ஆனா அவளே தொடர்ந்து ஒண்ணு கேட்டாள்: "அந்தக் குழந்தையோட இதயம் தோத்துப்போச்சுன்னா சொல்றாங்க?" நான் அப்படி யோசிக்கவே இல்லை. ஐந்து மாதக் குழந்தையின் இதயம். பத்து வருடத்துக்கும் மேலாக ஹன்னாவைத் தூக்கிச் சுமந்தது. பழைய இதயம் தேறுவதற்கான நேரத்தைக் கொடுத்தது. அதற்கப்புறம்தான் போனது. அதை எப்படித் தோல்வின்னு சொல்ல முடியும்?

"அதான் ஆபரேஷன் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?" என் தோழி அதிகம் கேட்கும் கேள்வி இதுதானாம். கல்யாண வீட்டில் மாஸ்க் போட்டு உட்கார்ந்தால் கேட்கிறார்கள். தெருவோர பழ ஜூஸை வேண்டாம் என்றால் கேட்கிறார்கள். வெட்டித் தைக்கும் வேலை 1967லேயே முடிந்துவிட்டது. உடம்பைச் சம்மதிக்க வைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அதை அவள் தினமும் செய்கிறாள்.

இந்த எபிசோடுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது சரியாக ராத்திரி 8 மணிக்கு அவள் ஃபோன் அலாரம் அடித்தது. ரெக்கார்டிங்கை நிறுத்தினோம். அவள் போட்டது டாக்ரோலிமஸ். 1984ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்து கண்டுபிடித்த மருந்து. இதுவும் மண்ணுதான் என்றேன். தண்ணியைக் குடிச்சுட்டு, "சரி, எங்க விட்டோம்?" என்றாள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.