மணல் ஈ வயிற்றில் சிக்கிய துப்பு!

மணல் ஈயைப் பார்த்திருக்கீங்களா? கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சத்தமே போடாது. ஆனால், இது பரப்பும் லீஷ்மேனியாசிஸ், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஸ்பெயினில், மாட்ரிட்டை ஒட்டிய ஃபுவென்லாப்ராடா நகரில் 2009 முதல் இந்த நோய் வேகமாகப் பரவியது. வழக்கமாக இந்தக் கிருமி தங்குவது நாய்களிடம். அங்கோ நாய்களிடம் பெரிதாகத் தொற்று இல்லை. அப்போ எங்கிருந்து வந்தது?

எண்ணெய் தடவிய காகிதம், விளக்குப் பொறி வைத்து இரவில் ஈக்களைப் பிடித்தார்கள் ஆய்வாளர்கள். அவற்றின் வயிற்றில் இருந்தது முயல் ரத்தம்! புதிதாக உருவான பூங்காவில் காட்டு முயல்கள் பெருகியிருந்தன. முயல்களைப் பிடித்துக் குறைத்தார்கள்.

ஈக்களை எண்ணினால் மட்டும் போதாது. யாரைக் கடித்தன என்றும் பார்க்கணும்.

உங்களுக்கு ஒரு டிப்ஸ்: சாதாரணக் கொசுவலைக்குள் மணல் ஈ நுழைந்துவிடும். துளை மிகச் சிறிய வலையாக வாங்குங்கள்.