செய்வது எளிது, வெளியே எடுப்பதுதான் கடினம்



மக்கிப்போகும் பிளாஸ்டிக் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறோம். அதற்கு வயது ஏறக்குறைய 100! 1926-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் என்ற அறிஞர், பாசில்லஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியாவுக்குள் அதைக் கண்டறிந்தார். நம் உடம்பு கொழுப்பைச் சேர்ப்பதுபோல, அந்த நுண்ணுயிர் மிஞ்சிய உணவைச் சிறு மணிகளாகச் சேமிக்கிறது. அதுதான் பி.எச்.பி. மண்ணில் விழுந்தால் மற்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும்.

பிறகு ஏன் இன்னும் கடைகளில் பாலித்தீன் பை?

மணிகள் செல்லுக்கு உள்ளேயே தங்கிவிடுகின்றன. எடுக்கவேண்டுமானால் செல்லை உடைக்கவேண்டும், கரைக்கவேண்டும், சுத்தம் செய்யவேண்டும். அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனி 1950-களின் இறுதியில் முயன்றது. விளைச்சல் குறைவு, கரைப்பான் செலவு அதிகம், கைவிட்டது.

1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. இறங்கியது. அவர்கள் வளர்த்த பாக்டீரியாவைக் காயவைத்து நிறுத்தால் 80 சதவீதம் வரை பிளாஸ்டிக்! கரைப்பானுக்குப் பதிலாக நொதிகளாலும் சோப்பு போன்ற பொருள்களாலும் செல்லைக் கரைத்தார்கள். 1990-இல் ஜெர்மனியில் வெல்லா ஷாம்பு, இந்த 'பயோபால்' பாட்டிலில் விற்பனைக்கு வந்தது. ஆனால் விலை, சாதாரண பிளாஸ்டிக்கைப்போல் பல மடங்கு. பின்னர் அதை வாங்கிய மான்சாண்டோவும் 1990-களின் இறுதியில் நிறுத்திவிட்டது.

இதற்கிடையே 1988-இல் பி.எச்.பி. செய்யும் மரபணுக்களை விஞ்ஞானிகள் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்து ஒரு யுக்தி. பாக்டீரியாவைத் தாக்கும் டி7 வைரஸ், செல்சுவரை அரிக்கும் நொதி ஒன்றைச் செய்கிறது. அந்த மரபணுவையும் ஈ.கோலைக்குள் வைத்தார்கள். மணிகள் நிறைந்ததும் செல்லை எளிதாக உடைக்கலாம். 1992-இல் இது வெளியானது.

அப்போதும் பாக்டீரியா செத்துவிடுகிறது. பசுவை அறுக்காமல் பால் கறக்க முடியாதா? 2013-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி காட்டினார்கள். மணியின்மேல் ஒட்டும் புரதத்தோடு, 'இதை வெளியே அனுப்பு' என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு முகவரிச் சீட்டைச் சேர்த்தார்கள். மணிகளில் ஒரு பகுதி வெளியே வந்தது. ஒரு பகுதிதான், ஆனாலும் பசுவைக் கறக்க முடியும் என்று தெரிந்துவிட்டது.

பொருளைக் கண்டுபிடித்தவர் பெயரைப் பாடத்தில் படிக்கிறோம். அதை மலிவாக வெளியே எடுக்கப் பாடுபடுபவர்களை யாரும் நினைப்பதில்லை. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் கிடக்கும் பைகளுக்கு மாற்று வருமா என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. உங்களில் வேதியியல், உயிரியல் படித்தவர்கள், படிக்கிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்.